கல்மர டீப்பாய்: அறுப்பதிலிருந்து கப்பலேற்றுவது வரை – கேள்வி பதில்

கல்மரத் தண்டுகளை அறுத்து, மெருகிட்டு, டீப்பாய்களாக வெளிநாடுகளுக்கு அனுப்பும் தொழிலைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அறுவை, மெருகு, பொதி, ஆவணம் ஆகியவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல முடியும். விலையையும் இலாபத்தையும் கேட்பவர்கள் தயவுசெய்து வேறு இடத்தில் விசாரித்துக்கொள்ளவும்.

கேள்வி: மரச்சாமான் ஏற்றுமதியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். கல்மர டீப்பாயையும் சேர்த்துக்கொள்வது எளிதுதானே?

எளிதல்ல. புதையுண்ட மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நிலத்தடி நீர் ஊறி, செல்களின் உள்ளறைகளிலும் சுவர்களிலும் சிலிக்கா படிந்து இறுகியதே கல்மரம். வளைய அமைப்பு அப்படியே தெரிந்தாலும் கையில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது படிகமான சிலிக்காதான். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை தரப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 7. எஃகுக் கத்தியால் கீறினால் கத்திதான் தேயும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடுகளால் வருபவை. மாங்கனீசும் கரியும் கருமையைத் தருகின்றன. உங்கள் அனுபவத்தில் இங்கே உதவக்கூடியது வாங்குபவர்களின் அறிமுகம் மட்டுமே. ரம்பம், திருகு, மெருகெண்ணெய் எதுவும் இங்கே செல்லாது. கிரானைட் பட்டறை வைத்திருப்பவர் உங்களைவிட நெடுந்தூரம் முன்னால் இருக்கிறார்.

கேள்வி: அறுப்பதற்கு முன்பே தண்டின் தரத்தை எப்படி மதிப்பிடுவது?

இந்தத் தொழிலில் பணம் நிற்பதும் போவதும் இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். முதலில் தண்டின் இரு முனைகளையும் கழுவி நனைத்துப் பாருங்கள். மெருகிட்ட பின் வரப்போகும் நிறத்தை ஈரம் ஏறத்தாழ காட்டிவிடும். காய்ந்த நிலையில் எல்லாத் தண்டுகளும் ஒரே சாம்பல்பழுப்பாகத்தான் தெரியும். பிறகு சிறு சுத்தியலால் நீளவாக்கில் பல இடங்களில் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் உள்ளே கல் ஒன்றாக இருக்கிறது. ஓர் இடத்தில் மட்டும் ஒலி மொத்தென்று அடங்கினால் அங்கே விரிசலோ, சிலிக்கா முழுமையாக ஏறாத மென்பகுதியோ இருக்கிறது.

அடுத்து முனையில் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் விரிசல்களைப் பாருங்கள். ஈரம் காயும்போது மற்ற இடங்கள் உலர்ந்துவிட, ஆழமான விரிசல் மட்டும் கருங்கோடாகச் சிறிது நேரம் நிற்கும். அந்தக் கோடு எதிர்முனையிலும் அதே திசையில் தெரிந்தால், குறுக்காக எத்தனை வட்டங்கள் அறுத்தாலும் எல்லாவற்றிலும் அது வரும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட தண்டை விரிசலின் திசைக்கு இணையாக நீளவாக்கில் அறுப்பதே அறிவுடைமை. வளையம் முழுதாகத் தெரியாது. ஆனால் நீண்ட, உறுதியான பலகைகள் கிடைக்கும்.

முழுத்தண்டு கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். சிலிக்கா நொறுங்கும் தன்மையுடையது. நிலத்தின் அசைவால் புதைந்த இடத்திலேயே துண்டுபட்டுவிடும். அமெரிக்காவின் அரிசோனாவில் கிடக்கும் தண்டுகள் யாரோ ரம்பத்தால் அறுத்து வைத்தவை போலத் தோன்றுவது இதனால்தான்.

கேள்வி: என்னிடம் மார்பிள் அறுக்கும் இயந்திரம் இருக்கிறது. அதுவே போதுமா?

மார்பிளின் கடினத்தன்மை ஏறத்தாழ 3. அதற்கென்று செய்த வைரத்தகட்டைக் குவார்ட்சில் இறக்கினால் வைரத்துகள்கள் மழுங்கி, தகடு அறுக்காமல் வெறுமனே உரசிச் சூடேறும். கடினக் கல்லுக்கான தகடு, மெதுவான ஊட்டம், தடைபடாத நீர் ஆகிய மூன்றும் வேண்டும். வட்டத்தகடு தன் விட்டத்தில் பாதிக்கும் குறைவான ஆழத்தையே அறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 80 சென்டிமீட்டர் தடிமனுள்ள தண்டை ஒரே வெட்டில் அறுக்க இரண்டு மீட்டரை நெருங்கும் தகடு தேவை. பெரிய தண்டுகளுக்கு வைரக்கம்பி ரம்பத்தை நாடுவது இதற்காகவே.

கேள்வி: சிறிய பட்டறைதான், திறந்த வெளியில், முகமூடி அணிந்து, நீரில்லாமல் கிரைண்டரால் அறுக்கலாமா?

கூடாது. நுரையீரலின் அடிவரை செல்லும் சிலிக்காத் தூசு கண்ணுக்குத் தெரியாத அளவுடையது. அதனால் வரும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்த மருந்தில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே இந்தத் தூசைப் புற்றுநோய்க் காரணி என வகைப்படுத்திவிட்டது. அமெரிக்கப் பணியிட விதியின்படி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை ஆஸ்திரேலியா 2024 ஜூலையிலிருந்து தடைசெய்ததும் அவற்றை அறுத்த தொழிலாளர்களுக்கு இந்நோய் வந்ததால்தான். கல்மரம் இயற்கைக் கல் என்பதால் அந்தத் தடைக்குள் வராது; நுரையீரலுக்கோ அந்த வேறுபாடு தெரியாது. நீரில் அறுங்கள். கீழே சேரும் சேறு காய்ந்தால் அதுவும் தூசுதான். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரமாகவே கழுவி அகற்றுங்கள்.

கேள்வி: மெருகிட்ட பிறகும் பலகையில் திட்டுத்திட்டாக மங்கல் தெரிகிறது. ஏன்?

பெரும்பாலும் இடையில் ஒரு கட்டத்தைத் தாவியிருப்பீர்கள். மெருகு வில்லைகளின் பரல் எண் (எண் கூடக்கூடப் பரல் நுண்மையாகும்) 50இல் தொடங்கி 100, 200, 400, 800, 1500, 3000 என்று போகும்போது முந்தைய கட்டத்தின் கீறல்கள் முழுவதும் மறைந்தபின்தான் அடுத்த வில்லைக்கு மாற வேண்டும். பலகையைக் கழுவி, காயவைத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் மிச்சக் கீறல்கள் தெரியும். ஈரப்பலகையில் எல்லாமே பளபளக்கும் என்பதால் அதை நம்ப வேண்டாம். மங்கல் வளையங்களை ஒட்டியே வருகிறதென்றால் காரணம் வேறு: அங்கே குவார்ட்சுக்குப் பதில் மென்மையான சிலிக்கா வகையான ஓபல் இருந்து, அண்டைப் பகுதியைவிட வேகமாகத் தேய்ந்து பள்ளமாகியிருக்கும். அதற்கு அழுத்தத்தைக் குறைத்து நேரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி (கற்பலகை வணிகர்): விரிசல்களில் எபாக்சிப் பிசின் நிரப்பிய பலகையை "முழுவதும் இயற்கை" என்று விற்கிறார்கள். இது ஏமாற்று இல்லையா?

நிரப்புவது ஏமாற்று அல்ல. விரிசலே இல்லாத பெரிய கல்மரப் பலகை மிக அரிது. எபாக்சி ஊட்டாமல் மெருகிட்டால் விரிசலின் ஓரங்கள் பெயர்ந்து வரும். அடிப்புறத்தில் கண்ணாடியிழை வலையை ஒட்டுவதும் வழக்கமே. ஆனால் "முழுவதும் இயற்கை" என்று எழுதக் கூடாது. "இயற்கைக் கல்மரம், விரிசல்கள் எபாக்சியால் நிரப்பப்பட்டவை" என்று இன்வாய்சில் ஒரு வரி சேர்த்தால் சிக்கல் தீர்ந்தது.

அதே வணிகர்: மார்பிளையும் கிரானைட்டையும் நிரப்பித்தான் விற்கிறார்கள், அங்கே யாரும் எழுதுவதில்லை. நாம் மட்டும் ஏன் எழுதி வாடிக்கையாளரை மிரட்ட வேண்டும்?

சமையலறை மேடைக்குக் கல் வாங்குபவர் உறுதியையும் அழகையும் வாங்குகிறார். கல்மரம் வாங்குபவர் ஒரு மரத்தின் குறுக்குவெட்டை வாங்குகிறார். அதில் எவ்வளவு மரம், எவ்வளவு பிசின் என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. எழுதாமல் அனுப்பினால், நிழலில் இருந்த வரை தெரியாத நிரப்புகோடு சன்னலோர வெயிலில் மஞ்சளாகும்போது அவரே கண்டுபிடிப்பார்; அப்போது நீங்கள் எழுதும் எந்த விளக்கமும் எடுபடாது.

கேள்வி (பட்டறை உரிமையாளர்): இருவரும் சின்ன விஷயத்தில் மோதுகிறீர்கள். சந்தையில் பாதிக்குப் பாதி ஒட்டுப்பலகைகள். அதைப் பற்றி ஏன் பேசவில்லை?

எத்தனை பங்கு என்ற கணக்கை நான் ஏற்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்வதுதான் பெரிய விஷயம். சிறுசிறு வட்டங்களையும் சில்லுகளையும் அடுக்கி, இடையே நிறமேற்றிய பிசின் ஊற்றி, ஒரே தளமாக மெருகிடுவது ஒரு முறையான தயாரிப்பு வகை. வீணாகும் துண்டுகளுக்கு அது நல்ல வழி. அதில் அழகான வேலைப்பாடுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரே தண்டின் வெட்டு என்று அதைச் சொல்லும்போதுதான் குற்றமாகிறது. கண்டறிய வழிகள் உண்டு. வளையங்கள் ஒரு கோட்டில் திடீரென்று திசை மாறுகின்றனவா என்று பாருங்கள். மெருகிடாத அடிப்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பாதி விடை. இருட்டில் புற ஊதா விளக்கைக் காட்டினால் எபாக்சி பல நேரங்களில் நீலவெண்மையாக ஒளிரும். சிலவகைச் சிலிக்கா தானாகவே பச்சையாக ஒளிர்வதுண்டு என்பதால் ஒளிர்வதையெல்லாம் பிசின் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம்.

அதே வணிகர்: அப்படியானால் எத்தனை விழுக்காடு பிசின் வரை "கல்மரம்" என்று சொல்லலாம்?

விழுக்காடு கேட்பது தப்பிக்கும் வழி தேடுவது. தண்டு ஒன்றா, பலவா என்று எழுதுங்கள். நிரப்பு இருக்கிறதா என்று எழுதுங்கள். இந்த வழக்கை இத்துடன் முடித்துக்கொள்கிறேன், ஏனெனில் ஆவணக் கேள்விகள் காத்துக்கிடக்கின்றன.

கேள்வி: ஆற்றுப் படுகையிலும் காட்டிலும் கிடக்கும் தண்டுகளை எடுத்துப் பயன்படுத்தலாமா?

யாருடைய நிலம் என்று தெரியாமல் ஒரு துண்டைக்கூடத் தொடாதீர்கள். அரிசோனாவின் கல்மரக் காடு 1906இல் தேசிய நினைவுச்சின்னமாகவும் 1962இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. அங்கிருந்து ஒரு சில்லு எடுத்தாலும் குற்றம். அதே மாநிலத்தில் தனியார் நிலத்தில் எடுத்த கல்மரம் சட்டப்படி விற்பனையாகிறது. அமெரிக்கப் பொதுநிலங்களில் சொந்தப் பயன்பாட்டுக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டும் கூடுதலாக ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரையும் எடுக்கலாம். அதை விற்க முடியாது. ஒவ்வொரு நாட்டுக்கும் இப்படி வெவ்வேறு விதி உண்டு. தண்டு எங்கே, யாருடைய நிலத்தில், எந்த உரிமத்தில் எடுக்கப்பட்டது என்ற தாளை, தண்டு வாங்கும்போதே வாங்கி வையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.

கேள்வி: பூச்சி மருந்துப் புகையூட்டல் சான்று, தாவர நலச் சான்று, அருகிவரும் உயிரினங்களுக்கான அனுமதி ஆகியவை எல்லாம் வேண்டுமா?

கல்லுக்கு வேண்டாம், கல்லைச் சுற்றிய மரச்சட்டத்துக்குத்தான் விதி. பன்னாட்டுத் தாவர நல விதி 15இன்படி, பொதியின் மரத்தை அதன் நடுப்பகுதி 56 பாகை செல்சியசில் 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றியோ, ஏற்கப்பட்ட வேறு முறையிலோ பதப்படுத்தி முத்திரையிட்டிருக்க வேண்டும். பல நூறு கிலோ எடையுள்ள கல் சரியாக இருந்தும், முத்திரையில்லாத ஒரு கட்டையால் முழுச் சரக்கும் துறைமுகத்தில் நின்றுபோகலாம். இன்வாய்சில் வெறுமனே "மர டீப்பாய்" என்று எழுதி வீண் சந்தேகத்தை வரவழைக்காமல், "சிலிக்காவான கல்மரப் பலகை, எஃகுக் கால்கள்" என்று எழுதுங்கள்.

சுங்கக் குறியீட்டை முகவரின் வாய்ச்சொல்லில் விடாதீர்கள். காலுடன் முழுமையான டீப்பாயாகப் போனால் மேசை நாற்காலி போன்ற சாமான்களுக்கான 9403ஆம் தலைப்பின் கீழ், மரமல்லாத பொருளாலான சாமானாக வாதிட இடமுண்டு. பலகையாக மட்டும் போனால் கல் சார்ந்த அத்தியாயங்கள் குறுக்கே வரும். இறக்குமதி நாட்டின் சுங்கத்திடம் முன்கூட்டியே எழுத்துமூலத் தீர்ப்பு கேட்டுப் பெறுவதே பாதுகாப்பு.

கேள்வி: ஒரு டீப்பாய்க்கு எவ்வளவு இலாபம் நிற்கும்?

முதல் பத்தியைப் படிக்கவும்.

கேள்வி: இருபதடிக் கன்டெய்னரை முழுதாக நிரப்பினால் செலவு குறையுமே?

நிரப்ப முடியாது. கல்மரத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.6 டன். 120 சென்டிமீட்டர் நீளம், 70 அகலம், 4 தடிமன் கொண்ட நீள்வட்டப் பலகை ஒன்றே 68 கிலோவைத் தாண்டும். 40 சென்டிமீட்டர் விட்டமும் 45 உயரமும் உள்ள முக்காலிக்கட்டை 147 கிலோ. கன்டெய்னரின் உள்கொள்ளளவு சுமார் 33 கனமீட்டர். தாங்கும் சுமை ஏறத்தாழ 28 டன். சாலை விதிகள் பல இடங்களில் அதற்கும் கீழே. மூன்றில் ஒரு பங்கு நிரம்பும் முன்பே எடை தீர்ந்துவிடும் என்பதால் இடத்தை அல்ல, எடையை வைத்தே விலை போடுங்கள். சுமையைத் தரை முழுதும் பரப்பி, நகராதபடி கட்டைகளால் அண்டை கொடுங்கள். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை இல்லாமல் கன்டெய்னரைக் கப்பலில் ஏற்ற முடியாது. உத்தேசக் கணக்கு அங்கே செல்லாது.

கேள்வி: சி.ஐ.எஃப். முறையில் (விலையில் கப்பல் கூலியும் காப்பீடும் அடங்கும்) அனுப்பினேன், இரண்டு பலகைகள் உடைந்து சேர்ந்தன. காப்பீடு கிடைக்குமா?

பாலிசியில் எந்தப் பிரிவு என்று பாருங்கள். இன்கோடெர்ம்ஸ் 2020 என்னும் பன்னாட்டு வணிக நிபந்தனைத் தொகுப்பின்படி சி.ஐ.எஃப். விற்பனையாளர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்பீடு சி பிரிவு. அது தீ, கப்பல் தரைதட்டுதல், மோதல் போன்ற பெரு விபத்துகளுக்கானது. கையாளும்போது விழுந்து உடைவதை அது ஏற்காது. கப்பல் மட்டுமின்றி எந்தப் போக்குவரத்துக்கும் பொருந்தும் சி.ஐ.பி. முறையிலோ விரிவான ஏ பிரிவு வேண்டும். ஆனால் ஏ பிரிவும்கூடப் போதாத பொதியால் வந்த சேதத்தை விலக்கிவிடும். ஆகவே பலகையைக் கிடத்தாமல், சட்டத்துக்குள் விளிம்பு மேல் நிமிர்த்தி நிறுத்தி, இரண்டு பலகைகளுக்கு நடுவே நுரைத்தாள் வைத்து, விளிம்பு மரத்தைத் தொடாதபடி ரப்பர் கொடுத்து அனுப்புங்கள். சட்டத்தை மூடுமுன் எடுத்த படம் ஒவ்வொரு பலகைக்கும் கையில் இருக்கட்டும்.

கேள்வி: சான்றிதழில் "20 கோடி ஆண்டு" என்று அச்சிடலாமா? எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தண்டு எந்தப் பாறை அடுக்கிலிருந்து வந்தது என்று தெரிந்தால் மட்டும். அரிசோனாவின் டிரையாசிக் என்னும் புவியியல் காலத்துத் தண்டுகள் 20 கோடி ஆண்டைத் தாண்டியவை. ஜாவா தீவின் பான்டென் பகுதியில் கிடைப்பவை அவற்றோடு ஒப்பிட மிக இளையவை, சில மில்லியன் ஆண்டுகள்தான். இரண்டுக்கும் ஒரே சீட்டை ஒட்டுவது பொய்.

கேள்வி: நீர் வசதி இல்லை. இரவில், ஆளில்லாத நேரத்தில் மட்டும் நீரில்லாமல் அறுத்தால் பரவாயில்லையா?

அறுப்பவர் ஆளில்லையா? மேலே எழுதியிருக்கிறேன், மறுபடி எழுதப் போவதில்லை.

கேள்வி: கால்களைப் பலகையில் துளையிட்டுத் திருகலாமா?

வேண்டாம். துளையின் ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். பற்றவைத்த எஃகுச் சட்டம் செய்து, மேலே ரப்பர் வில்லைகள் ஒட்டி, பலகையை அதன் எடையாலேயே அமர விடுங்கள். அடிப்புறம் சமமில்லாத பலகைக்கு மூன்று தாங்குபுள்ளிகளே நல்லவை. நான்காவது எப்போதும் ஒரு மூலையில் ஆடிக்கொண்டிருக்கும். ஆனால் மூன்றும் நடுவை ஒட்டி நெருங்கியிருந்தால் ஒருவர் விளிம்பில் உட்கார்ந்தவுடன் பலகை கவிழும். எனவே அவற்றை விளிம்பை நோக்கித் தள்ளி வைத்து, அனுப்புமுன் விளிம்பின் எல்லாப் பக்கத்திலும் ஓர் ஆள் எடையை ஏற்றிச் சோதியுங்கள்.