உறைகுளிரிலும் ஹீட் பம்ப் வீட்டைச் சூடாக்குமா?

நார்வேயில் மைனஸ் 15 டிகிரிக் குளிரில், வெளியிலுள்ள வெப்பத்தை வீட்டுக்குள் கடத்தும் கருவியான ஹீட் பம்ப் எங்கிருந்து வெப்பத்தை எடுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வெளிக்காற்றிலிருந்துதான். இதற்குக் கீழே குளிரவே முடியாது என்ற எல்லையான தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது மைனஸ் 273 டிகிரிக்கு மேல் உள்ள எந்தக் காற்றிலும் வெப்ப ஆற்றல் உண்டு; வளிமண்டல அழுத்தத்தில் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்துவிடும் புரொப்பேன் போன்ற குளிர்பதனப் பொருளுக்கு அந்தக் காற்றே சூடானதுதான். அவ்வாறு வெப்பத்தை உறிஞ்சி ஆவியாகும் பொருளைக் கம்ப்ரஸர் அழுத்தும்போது அதன் வெப்பநிலை வெகுவாக உயர்கிறது. பின்பு அது வீட்டினுள் உள்ள குழாய்ச் சுருளில் மீண்டும் திரவமாகி, வெப்பத்தை அறைக்குள் விடுகிறது. கோடையில் ஒரு வால்வு இந்த ஓட்டத்தைத் திருப்பிவிட, அதே கருவி அறையைக் குளிர்விக்கிறது. (குளிர்விக்க மட்டும் பயன்படும் ஏசியும் ஒருவழி ஹீட் பம்ப்தான்.)

மின்சாரம் வெப்பத்தை உண்டாக்குவதற்கு அல்லாமல் இடம் மாற்றுவதற்கே செலவாவதால், மிதமான குளிரில் 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 4 யூனிட் வெப்பம் கிடைக்கும். சாதாரண ஹீட்டரில் 1 யூனிட்தான். கடுங்குளிரில் இந்த விகிதம் 2-க்கு அருகே இறங்கலாம். வெளிச்சுருளில் படியும் உறைபனியை உருக்கவும் சற்று ஆற்றல் போகும். என் மதிப்பீட்டில், கருவியின் விலையைவிட வெப்பம் வெளியேறாமல் தடுக்கும் வீட்டின் வெப்பக் காப்பே முதலில் கவனிக்கத்தக்கது. ஹீட் பம்ப் காற்றுக்குப் பதில் நீரைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் அமைப்பும் உண்டு; அறைத் தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் பதித்த வீட்டுக்கு 35 டிகிரி வெந்நீரே போதும். 55 டிகிரிக்கு மேல் கேட்கும் பழைய ரேடியேட்டர்களில் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகைகளில்) ஆதாயம் குறையும்.