தீனிக்கும் தீனி போடுங்கள்

உவர்நீர்ப் பண்ணை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை பார்த்தவன் நான். இப்போது பச்சை நண்டில் இறங்கலாம் என்று நினைக்கிறேன். முதல் நாளிலிருந்தே ஆர்ட்டீமியா (உப்புநீரில் வளரும், இறால் போன்ற சிற்றுயிர்) கொடுத்தால் ரோட்டிஃபர் (அதைவிடச் சிறிய மிதவை உயிர்) வளர்க்கிற செலவு மிச்சம்தானே?
(வாசகர், பழவேற்காடு)

பதில்: மிச்சம் ஆகாது தம்பி, குஞ்சுதான் போகும். இறாலின் ஜோயியா, அதாவது நீந்தித் திரியும் இளங்குஞ்சு, பாசியைத் தின்று வளரும். நண்டின் ஜோயியா பொரிந்த அன்றே உயிர்த்தீனி கேட்கும். பாசியை மட்டும் வைத்து அதை வளர்த்துவிட முடியாது. ஆனால் அது இரையைத் துரத்திப் பிடிக்காது. நீந்துகிற வழியில் வந்து மோதுவதைத்தான் பிடித்துத் தின்னும். ஆர்ட்டீமியா அந்த வயதுக்குப் பெரிசு, வேகமும் அதிகம். ரோட்டிஃபர் சின்னது, மெதுவாக மிதந்துகொண்டே இருக்கும். அதனால் முதல் இரண்டு ஜோயியா நிலைக்கும் ரோட்டிஃபர்தான் கொடுக்க வேண்டும். ஒரு மில்லிக்குப் பத்துப் பதினைந்து இருக்கட்டும். கணக்குக் குறைந்தால், தொட்டியில் தீனி இருந்தும் குஞ்சு பட்டினி கிடக்கும். மூன்றாம் நிலையில் ஆர்ட்டீமியாவுக்கு மாற்றலாம். தொட்டி நீரில் நானோகுளோரோப்சிஸ் பாசி இருந்தால் ரோட்டிஃபரின் வயிறும் காலியாகாது. வெறும் வயிற்று ரோட்டிஃபரைத் தின்ற குஞ்சுக்குப் பெரிதாக எதுவும் கிடைப்பதில்லை.

காலையில் ஒரு பீக்கரில் குஞ்சை அள்ளி விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நல்ல குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஏறி வரும். அடியில் கிடப்பவை தேறுவது கஷ்டம்.

கேள்வி: ஐந்தாம் ஜோயியா வரை அருமையாக வந்த குஞ்சுகள், மெகலோபாவாக (ஜோயியாவுக்கும் குட்டி நண்டுக்கும் இடைப்பட்ட நிலை) மாறும்போது கும்பலாகச் சாகின்றன. சட்டை (பழைய மேலோடு) பாதி கழன்ற நிலையில் கிடக்கின்றன. கிருமியாக இருக்குமா? ஆண்டிபயாடிக் போடலாமா?
(வாசகர், சீர்காழி)

பதில்: போடாதீர்கள். குளோராம்பெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகளுக்கு நம் நாட்டு நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை இருக்கிறது. அது ஒருபக்கம். நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் முதலில் தீனியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

நண்டுக் குஞ்சுக்கு ஈபிஏ, டிஹெச்ஏ என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள் அவசியம். அப்போதுதான் பொரிந்த ஆர்ட்டீமியாவில் டிஹெச்ஏ இல்லை என்றே சொல்லலாம். அதையே கொடுத்துக்கொண்டிருந்தால் சட்டை உரிப்பது தள்ளிப்போகும், உரிக்கிற தெம்பும் இருக்காது. ஆகவே ஆர்ட்டீமியாவுக்கு மீன் எண்ணெய் எமல்ஷன் (நீரில் கலக்கும்படி செய்த எண்ணெய்க் கலவை) ஊட்டிக் கொடுக்கிறோம். ஆர்ட்டீமியா முட்டை பொரிய 18 முதல் 24 மணி நேரம் ஆகும். பொரிந்த உடனே அதற்கு வாய் திறந்திருக்காது. இன்னும் ஏழெட்டு மணி நேரம் கழித்து, இரண்டாம் நிலைக்கு வந்த பிறகுதான் தின்னத் தொடங்கும். அதற்கு முன்னால் எமல்ஷனை ஊற்றினால் தண்ணீர்தான் கெடும். ஊட்டி முடித்ததை நன்றாக அலசி, தாமதிக்காமல் தொட்டியில் விடுங்கள். நேரம் போகப் போக அது தின்ற சத்தைத் தானே செலவழித்துவிடும்.

இதன் மறுபக்கத்தைத்தான் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கொழுப்பு அளவு மீறினாலும் சாவுதான். சத்து மிகுந்துவிட்டால் ஐந்தாம் ஜோயியாவிலேயே உடல் பெருத்து, மெகலோபாவுக்கு வர வேண்டிய கொடுக்கு முன்னதாகவே வளர்ந்துவிடும். கை பெருத்துப்போன பிள்ளை பழைய சட்டையைக் கழற்ற முடியாமல் தவிப்பது போலத்தான், குஞ்சு பழைய ஓட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். அடுத்த முறை ஐந்தாம் ஜோயியாவில் சில குஞ்சுகளை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் கொடுக்கைப் பாருங்கள். பெருத்திருந்தால், நான்காம் நிலையிலிருந்தே எமல்ஷனைக் குறையுங்கள். மெலிந்து, சட்டை உரிப்பதும் நாள் தள்ளிப்போயிருந்தால் கூட்டுங்கள். பாக்கெட்டில் அச்சிட்ட அளவை எல்லாத் தொட்டிக்கும் ஒரே மாதிரி ஊற்றுவது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொன்று, நேற்றைய ஆர்ட்டீமியா. தின்னாமல் மீந்தது வளர்ந்து பாசியைத் தின்னும். அதனிடம் சத்தும் இருக்காது. குஞ்சைத் தடுத்து ஆர்ட்டீமியாவை வெளியே விடும் கண்ணளவுள்ள வலையைப் போட்டு, தினமும் காலையில் நீரை வடித்துப் புதுநீர் விடுங்கள். ஒரு தாய் நண்டின் சினையில் பத்து லட்சத்துக்கு மேல் முட்டை இருக்கும். அத்தனையும் ஐந்தாம் நிலைவரை வந்த பிறகு சாவதைப் பார்க்க மனசு ஆறாது. அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

கேள்வி: மெகலோபாவுக்கு என்ன கொடுப்பது?
(வாசகி, ராமநாதபுரம்)

பதில்: வளர்ந்த ஆர்ட்டீமியா கொடுக்கலாம். கூடவே மட்டி இறைச்சியையோ இறால் சதையையோ பொடியாக அரைத்து, அலசிக் கொடுங்கள். இப்போது கொடுக்கு வந்துவிட்டதால் ஒன்றையொன்று பிடித்துத் தின்னும். நெருக்கத்தைக் குறைத்து, வலைத் துண்டுகளைக் கொத்தாகக் கட்டித் தொங்கவிடுங்கள். பசியோடு இருக்கும் மெகலோபாவுக்குப் பக்கத்து மெகலோபாதான் தீனி. எனவே ஒரே வேளையில் கொட்டாமல், இரவிலும் சேர்த்துப் பல வேளையாகப் பிரித்துப் போடுங்கள். அடியில் தங்கும் இறைச்சியைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். சுமார் ஒரு வாரத்தில் அவை சட்டை உரித்து முதல் நண்டு நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு நர்சரிக் குளத்துக்கு மாற்றலாம்.