இரண்டு பாலத்துக்கு நடுவில் ஒரு தீவு

கேள்வி: புதுச்சேரி, கடலூர் பக்கம் கூட்டம் இல்லாத தீவுக் கிராமம் ஏதாவது இருக்கிறதா? கடற்கரையும் வேண்டும், பழங்காலத்து இடிபாடும் வேண்டும். ஒரே நாளில் போய்வர வேண்டும்.

இருக்கிறது. பாண்டியிலிருந்து கடலூருக்கு ஒரு தடவையாவது பஸ்ஸில் போயிருந்தால் நீங்கள் அதன் நடுவாகத்தான் போயிருப்பீர்கள்.

முருங்கப்பாக்கம் தாண்டியதும் ஒரு பாலம் வரும். கீழே ஓடுவது அரியாங்குப்பம் ஆறு. கொஞ்ச தூரத்தில், நோணாங்குப்பம் முடியும் இடத்தில் இன்னொரு பாலம். அது சுண்ணாம்பாறு. பெயர்தான் இரண்டு, ஆறு ஒன்று. செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி மேற்கே இரண்டாகப் பிரிந்து, தனித்தனி முகத்துவாரம் வழியாகக் கடலில் விழுகிறது. வடக்கே ஆறு, தெற்கே ஆறு, கிழக்கே வங்கக்கடல். நடுவில் மாட்டிக்கொண்ட நிலத்தில்தான் அரியாங்குப்பம், காக்காயந்தோப்பு, அரிக்கமேடு, வீராம்பட்டினம் எல்லாம் இருக்கின்றன. ஊரில் யாரும் அதைத் தீவு என்று சொல்லி நான் கேட்டதில்லை. தவளக்குப்பத்திலிருந்து பாண்டிக்குப் படிக்கப் போன ஏழு வருஷமும் தினம் இரண்டு வேளை இந்தத் தீவுக்குள் நுழைந்து வெளியேறியவன் நான். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் பாலத்தில் பஸ் ஏறும்போது ஜன்னல் வழியாக வரும் உப்பங்கழிச் சேற்று வாடை மட்டும்தான்.

நீங்கள் கேட்ட பழங்காலத்து இடம் அரிக்கமேடு, ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த பழைய துறைமுகம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே 'பார்க்க' எதுவும் இல்லை. மாமல்லபுரம் மாதிரி நினைத்துக்கொண்டு போனால் என் சித்தி மகன் கதைதான் உங்களுக்கும். சென்னையிலிருந்து வந்தவனை, ரோமாபுரிக்காரன் வந்து வியாபாரம் செய்த இடம், வா காட்டுகிறேன் என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சித்திரை மாசம், மணி பன்னிரண்டு. மாந்தோப்பு, தென்னை, முள்வேலி, தொல்லியல் துறையின் நீலப் பலகை ஒன்று. உள்ளே போனால் இரண்டு மூன்று செங்கல் சுவர், ஒரு வளைவு, அதன் மேல் ஏறிக்கிடக்கும் வேர். அதையும் ஆசையாகப் படம் எடுத்துக்கொண்டான். அது ரோமானியர் கட்டினது இல்லைடா, 18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவக் குருமடம் நடத்தியவர்கள் விட்டுப்போனது என்றேன். போனைக் கீழே இறக்கினான்.

"அப்ப ரோமாபுரி எங்கண்ணா?"

"நீ நிக்கிறல்ல, அதுக்குக் கீழ."

"இதுக்கா இந்த வெயில்ல கூட்டிட்டு வந்த?"

அவன் மேல் தப்பில்லை. தோண்டிய குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்கள். திறந்து போட்டால் மழையிலும் ஆற்றரிப்பிலும் எல்லாம் போய்விடும். அரிக்கும் மேடு என்பதால்தான் அரிக்கமேடு என்று ஒரு பெயர்க்காரணம்கூட உண்டு. அருகன் மேடு என்பது இன்னொன்று. நான் செய்த தப்பு, வரிசையை மாற்றியது. முதலில் பாண்டிக்குள் பாரதி பூங்கா பக்கம் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்குப் போங்கள், அப்புறம் மேட்டுக்கு வாருங்கள். அங்கே கண்ணாடிக்குள் இருக்கும் அரிக்கமேட்டுப் பொருளெல்லாம் இந்த மாந்தோப்பு மண்ணிலிருந்து போனவை. மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த இரட்டைப் பிடி ஜாடித் துண்டுகளைப் பாருங்கள். இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் செய்த சிவப்புப் பளபளப்பு ஓடுகள் சிலவற்றில் குயவரின் முத்திரையே இருந்தது. தமிழ்ப் பிராமி என்ற பழைய எழுத்தில் பெயர் கீறிய நம்மூர்ப் பானை ஓடுகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஜாடிகளில் சிலவற்றில் மீனைப் புளிக்கவைத்து எடுக்கும் சாறு வந்திருக்கிறது என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். வீராம்பட்டினத்துக்காரனுக்கு இத்தாலியிலிருந்து மீன் சாறு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. அநேகமாக இங்கே தங்கியிருந்த வெளிநாட்டான் தனக்காக வரவழைத்திருப்பான் என்பது என் கணக்கு.

இந்த மேட்டை உலகத்துக்குச் சொன்னவர்கள் கதையும் சுவாரசியமானது. முதல் ஆள் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் பாண்டிக்குக் கிளம்பினார். 1761-இல் அவர் வந்து சேருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. அடுத்த கடப்பு 1769-இல். விடாமல் எட்டு வருஷம் கிழக்கிலேயே காத்திருந்து, பாண்டியிலேயே தொலைநோக்கி எல்லாம் தயார்செய்து உட்கார்ந்தார். அன்றைக்குக் காலை மேகம் மூடிக்கொண்டது. இந்த மனிதர்தான் சும்மா இருந்த நாட்களில் சுற்றுப்புறமெல்லாம் நடந்து, வீராம்பட்டினம் பக்கம் மணலில் இடுப்பு வரை புதைந்து கிடந்த புத்தர் சிலையைப் பற்றி எழுதி வைத்தார்.

அப்புறம் நெடுநாள் யாரும் சட்டை செய்யவில்லை. 1937-இல் பாண்டியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய் கைக்கு, ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளும் தலை செதுக்கிய ஒரு கல்லும் வந்தன. அது அகஸ்டஸ் சீசர் தலை என்றார் அவர். 1944-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியில் ஒரு ஜாடித் துண்டைப் பார்த்துவிட்டு, எங்கே கிடைத்தது என்று விசாரித்துப் பாண்டிக்கு வந்தார். 1945-இல் தோண்டினார். சுமார் 150 அடி நீளச் செங்கல் கட்டடம் ஒன்று வெளிப்பட்டது, கிடங்கு என்றார். கிரேக்க மாலுமிக் குறிப்பான பெரிப்ளஸில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்றும் சொன்னார். வீலர் எழுதியதைப் படித்தால் ரோமானியன் வந்ததால்தான் இங்கே ஊரே உண்டானது போல இருக்கும். அது எனக்கு எப்போதும் உறுத்தும். 1989 முதல் 1992 வரை தொல்லியலாளர் விமலா பெக்லியின் குழு மறுபடி தோண்டியபோது, ரோமச் சரக்கு வருவதற்கு முன்னாலேயே இங்கே ஊர் இருந்திருக்கிறது, அந்த வியாபாரம் ஓய்ந்த பிறகும் ஆட்கள் இருந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. வந்தவன் போனான், இருந்தவன் இருந்தான்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் இரண்டாம் தடவை போனது ஒரு கார்த்திகையில், ராத்திரி முழுக்கப் பெய்து விட்ட மறுநாள் காலை. சித்தி மகனை அழைக்கவில்லை. தோப்புப் பாதையில் மேல்மண் கரைந்து ஓடி, மா வேர்களுக்கு நடுவே ஓட்டாஞ்சல்லி மினுமினுவென்று கிடந்தது. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆயா, நான் குனிந்து குனிந்து நடப்பதைப் பார்த்துவிட்டு நின்றது.

"இன்னா தம்பி, மணியா தேடுற?"

"இல்ல ஆயா, சும்மா பாக்குறேன்."

"சும்மா பாத்தா தெரியாது. வெயிலப் பாத்து உக்காரு, மண்ணு மேல கண்ண வை."

உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம் எதுவும் தெரியவில்லை. அப்புறம் ஒரு சொட்டு சிவப்பு. கடுகை விடக் கொஞ்சம் பெரிசு. விரல் நுனியை ஈரமாக்கி ஒற்றி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுவில் நூல் போகிற அளவுக்குத் துளை, துளைக்குள் சேறு. ஒரு ஓரம் மழுங்கல், மறு ஓரம் நறுக்கிய தடம். உருக்கிய கண்ணாடியைக் குழாயாக நீளமாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, மறுபடி சூட்டில் போட்டு முனை மழுக்குகிற வேலை அது. இதே முறையில் ஆந்திராவில் பாப்பாநாயுடுப்பேட்டையில் நம் காலம் வரைக்கும் மணி செய்து வந்திருக்கிறார்கள். இந்த ரக மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை கிடைக்கின்றன. கண்ணாடி மணி மட்டுமில்லை, சூதுபவளம், படிகம் எல்லாம் இங்கே பட்டறையில் அறுத்துத் துளையிட்டிருக்கிறார்கள்.

எல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயா என் விரலிலிருந்து அதைத் தட்டி மண்ணிலேயே விட்டது. "பாத்தாச்சில்ல, வுட்டுரு. எடுத்துனு போனா கேஸு கீஸுன்னுவானுங்க." நிஜம்தான், பாதுகாக்கப்பட்ட இடம், ஒரு ஓட்டுத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. சின்னப் பிள்ளையில் ஆயா இதையெல்லாம் பொறுக்கி பொம்மைக்குக் கோத்துப் போட்டதாம். அதைச் சொல்லிவிட்டு ஆட்டின் பின்னால் போய்விட்டது.

கடற்கரைக்கு வருகிறேன். சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து படகேறிப் போகும் பாரடைஸ் பீச்தான் எல்லோருக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனால் படகுக்கு வரிசையிலேயே பாதி நாள் போய்விடும், நீங்கள் கேட்ட அமைதிக்கு அது சரிப்படாது. மேட்டிலிருந்து கிழக்கே வீராம்பட்டினத்துக்கு விடுங்கள். அது மீனவர் ஊர், சுற்றுலாத் தலம் இல்லை. மணலில் பைபர் படகுகள் ஏற்றி வைத்திருப்பார்கள். நிழலில் நாலு பேர் வலை பின்னிக்கொண்டிருப்பார்கள், காய்கிற கருவாட்டுக்குக் காக்கா காவல். காலை ஆறு, ஆறரைக்குப் போனால் படகு கரையேறுவதைப் பார்க்கலாம். சங்கரா, கானாங்கெளுத்தி, அதிர்ஷ்டம் இருந்தால் வஞ்சிரம். எங்கள் வீட்டில் காரப்பொடிக்குத்தான் முதல் மரியாதை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்ந்தால் இரண்டு வார்த்தை விழும், அதற்குத் தயாராக இருங்கள். வலை மேல் மிதித்து நடக்காதீர்கள், கேட்காமல் ஆட்களைப் படம் எடுக்காதீர்கள். முகத்துவாரத்தின் பக்கம் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். மேலே சாதுவாகத் தெரியும், அடியில் இழுப்பு இருக்கும்.

போகும் வழி: பாண்டி பஸ் நிலையத்திலிருந்து கடலூர் பஸ்ஸோ டெம்போவோ பிடித்து அரியாங்குப்பத்தில் இறங்கி, வீராம்பட்டினம் சாலையில் கிழக்கே திரும்ப வேண்டும். காக்காயந்தோப்பு வழியாக மேட்டுக்குப் பாதை பிரியும். ஆட்டோக்காரரிடம் 'அரிக்கமேடு' என்றால் சிலர் முழிப்பார்கள், 'காக்காயந்தோப்பு' என்றால் உடனே புரியும். சொந்த வண்டி இருந்தால் நல்லது. தோப்புக்குள் கடை கிடையாது, தண்ணீரும் தொப்பியும் எடுத்துப் போங்கள். திங்கட்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை, அன்றைக்குக் கிளம்பினால் நான் சொன்ன வரிசை கெட்டுவிடும். கார்த்திகை முதல் மாசி வரைக்கும் நல்ல பருவம். மழை விட்ட மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆடி மாசம் மட்டும் அமைதியை மறந்துவிடுங்கள். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர் ஆடி ஐந்தாம் வெள்ளிக்கிழமை. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர்கள் கவர்னர் வந்து வடம் பிடித்துக் கொடுத்த வழக்கம், இப்போது துணைநிலை ஆளுநர் வந்து பிடிக்கிறார். அன்றைக்கு அரியாங்குப்பத்திலிருந்தே நடைதான், வண்டி நகராது. பலூன், ராட்டினம், கரும்புச்சாறு, தலைக்கு மேல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்ட அப்பன்மார். என் சித்தி மகன் இப்போது வருஷா வருஷம் அந்தத் தேருக்கு வந்துவிடுகிறான். திரும்பும்போது மேட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினால் மட்டும் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பான்.