கணக்கு எங்கே இருக்க வேண்டும்? தரவு அறிக்கைகள் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் மென்பொருளான பவர் பிஐ குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: விற்பனை அறிக்கைகளில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே வரும் மொத்தத்தைக் காட்ட, இதுவரை டாக்ஸ் என்ற பவர் பிஐ சூத்திர மொழியில் நீளமான சூத்திரங்களை எழுதி வந்தேன். புதிய விஷுவல் கால்குலேஷன் வசதியில் அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. பழைய மெஷர்களை (தரவு மாதிரியில் சேமித்த சூத்திரங்களை) எல்லாம் நீக்கிவிடலாமா?

பதில்: நீக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் முன்னோட்டமாக வெளியான இந்த வசதி உண்மையிலேயே பெரிய உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஆனால் இதில் எழுதும் கணக்கு, அறிக்கை முழுவதற்கும் அடிப்படையான தரவு மாதிரியில் அல்லாமல் குறிப்பிட்ட ஒரு விஷுவலுக்குள்ளேயே (ஒரு வரைபடம் அல்லது அட்டவணைக்குள்ளேயே) சேமிக்கப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஏற்கெனவே கூட்டித் தொகுக்கப்பட்டு அந்த அட்டவணையில் வந்து நிற்கும் எண்களை மட்டுமே அது பார்க்கிறது. அதனால்தான் சூத்திரம் சுருங்குகிறது. பல சமயம் வேகமும் கூடுகிறது. ரன்னிங்சம் என்ற செயற்கூறு திரள் மொத்தத்தையும், ப்ரீவியஸ் முந்தைய வரிசையின் மதிப்பையும் தந்துவிடும். ஆண்டு மாறும்போது மொத்தம் மீண்டும் தொடக்கத்திலிருந்து எண்ணப்பட வேண்டுமானால், அச்சில் ஆண்டையும் மாதத்தையும் அடுக்காக வைத்து, ரீசெட் என்ற இடத்தில் ஹையஸ்ட்பேரண்ட் என்று கொடுத்தால் போதும்.

சிக்கல் ஸ்லைசரில், அதாவது பார்ப்பவர் தரவை வடிகட்டும் தேர்வுப் பெட்டியில், தொடங்குகிறது. அறிக்கையைப் பார்ப்பவர் கடைசி மூன்று மாதங்களை மட்டும் தேர்ந்தெடுத்தால், ரன்னிங்சம் அந்த மூன்றில் முதல் மாதத்திலிருந்துதான் கூட்டத் தொடங்கும். ப்ரீவியஸோ அந்த முதல் மாதத்துக்கு எதிரே வெற்றிடத்தைக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. தலைப்பில் ‘ஆண்டு மொத்தம்’ என்றே இருக்கும், எண் மட்டும் வேறொன்றாகிவிடும். தேதி அட்டவணையை ஆதாரமாகக் கொண்டு தேதியை முன்பின் நகர்த்தும் டேட்ஆட் போன்ற செயற்கூறுகளால் எழுதிய மெஷரோ, ஃபில்டருக்கு வெளியே உள்ள மாதத்தின் மதிப்பையும் தேடிச் சென்று எடுத்துவரும்.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒரு விஷுவலில் எழுதிய கணக்கை வேறொரு விஷுவல் அழைக்க முடியாது. தேவைப்படும் இடத்திலெல்லாம் திரும்ப எழுத வேண்டும். பலர் பயன்படுத்தும் அறிக்கையில் ஒரே பெயரிலான கணக்கு பக்கத்துக்குப் பக்கம் சற்றே மாறி இருப்பது நல்லதல்ல. ஆகவே நிறுவனம் முழுவதும் ஒரே பொருளில் புழங்கும் அளவீடுகளை மெஷராகவே வைத்திருங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் தேவைப்படும் தரவரிசை, நகரும் சராசரி, முந்தைய வரிசையோடு ஒப்பீடு போன்றவற்றுக்குப் புதிய வசதியைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஒரே வரைபடத்தில் விற்பனை, எண்ணிக்கை, இலாபம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்க்கப் புக்மார்க்குகளும் (பக்கத்தின் நிலையைச் சேமித்து வைப்பவை) பொத்தான்களும் வைத்திருக்கிறேன். வேறு எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. 2022-இல் அறிமுகமான ஃபீல்டு பாராமீட்டர் இதற்காகவே வந்தது. மூன்று மெஷர்களையும் அதில் சேர்த்தால் அவற்றுக்கான சிறு அட்டவணையும் ஸ்லைசரும் உருவாகிவிடும், புக்மார்க்குகளை நீக்கிவிடலாம்.

கேள்வி: இலாப விகிதத்தைக் கணக்கிடுவதற்காக மட்டும் செலவு என்ற நெடுவரிசையை விஷுவலில் சேர்த்து, பிறகு மறைத்திருக்கிறேன். கிளை மேலாளர்களுக்குச் செலவு தெரியக்கூடாது. இந்த மறைப்பு போதுமா?

பதில்: போதாது. மறைப்பது தோற்றத்துக்கான வசதியே தவிரப் பாதுகாப்பு அல்ல. ஒவ்வொரு மேலாளரும் தம் கிளையின் வரிசைகளை மட்டும் பார்க்க ரோ லெவல் செக்யூரிட்டியும், ஒரு நெடுவரிசையையே அணுக முடியாதபடி செய்ய ஆப்ஜெக்ட் லெவல் செக்யூரிட்டியும் இருக்கின்றன. இவ்விரண்டும் அறிக்கைகளைக் குழுவாகப் பகிரும் பணிவெளியில் (வொர்க்ஸ்பேஸ்) வியூவர், அதாவது பார்க்கும், உரிமை மட்டும் உள்ளவர்களையே கட்டுப்படுத்தும். கான்ட்ரிபியூட்டர், மெம்பர், அட்மின் ஆகியோருக்கு எல்லாமே தெரியும் என்பதால், வசதிக்காக எல்லோருக்கும் திருத்தும் உரிமை கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்பப் பெறுங்கள்.

செலவு நெடுவரிசையை இவ்வாறு தடுத்துவிட்டால், அதைச் சார்ந்த மெஷர்களும் மேலாளர்களுக்குக் கிடைக்காமல் போகும். அவற்றைப் பயன்படுத்தும் விஷுவல்கள் அவர்களிடம் பிழை காட்டும். இலாப விகிதத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத் தனி நெடுவரிசையாகத் தரலாமே என்று தோன்றும். ஆனால் விற்பனையும் விகிதமும் ஒருவர் கையில் இருந்தால், செலவு எவ்வளவு என்பதை அவர் கால்குலேட்டரிலேயே கண்டுபிடித்துவிடுவார். எனவே விகிதத்தையும் காட்டுவதா, வேண்டாமா என்பதை நிர்வாகத்திடம் கேட்டு முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகே அறிக்கையை வடிவமையுங்கள்.