லினக்ஸ் டெர்மினலில் ஒழுங்காக ஓடும் டாட் ப்ரொஃபைல் (லாகின் செய்யும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு), டெஸ்க்டாப்பில் லாகின் செய்யும்போது மட்டும் ஏன் தகராறு செய்கிறது?

கடவுச்சொல் சரி, ஆனால் திரை ஒரு கணம் கறுத்துவிட்டு மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இடத்தில் ஒரு முழு மாலையை நானும் தொலைத்திருக்கிறேன்.

முதலில் உள்ளே போக வழி. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து டாட் ப்ரொஃபைல் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு, மறுபடி டெஸ்க்டாப்பில் நுழைந்து பாருங்கள். நுழைய முடிந்தால் கோளாறு அந்தக் கோப்பில்தான்.

எழுத்துத் திரையில் அந்தக் கோப்பைப் படிப்பது உங்கள் பேஷ், அதாவது நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல். டெஸ்க்டாப் லாகினில் பல இடங்களில் அதைப் படிப்பது எஸ்எச் என்ற பெயரில் இருக்கும் ஷெல். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தும், டெபியனில் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்தும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்ற இன்னொரு ஷெல். சிறியது, வேகமானது, பேஷின் கூடுதல் வசதிகள் அதற்குத் தெரியாது. கோப்பின் முதல் வரியில் பேஷ் என்று எழுதி வைத்தாலும் பயனில்லை. கோப்பைத் தனியாக ஓட்டினால்தான் அந்த வரிக்கு மதிப்பு. இங்கே வேறொரு ஸ்கிரிப்ட் இதைத் தனக்குள் இழுத்துப் படிக்கிறது.

நான் செய்தது இதுதான்: நாலைந்து அடைவுகளை அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு அரே (டாஷுக்குத் தெரியாத பட்டியல் வடிவம்) ஆக்கி, நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியில் சேர்த்தேன். "சின்டாக்ஸ் எரர்: ( அன்எக்ஸ்பெக்டட்" என்று, டெஸ்க்டாப்பின் பிழைகள் பதிவாகும் எக்ஸ்செஷன் எரர்ஸ் கோப்பில் ஒரே ஒரு வரி. இலக்கணப் பிழை வந்ததும் டாஷ் அங்கேயே வெளியேறிவிடும்; அதை நம்பி எழும்ப வேண்டிய டெஸ்க்டாப்பும் கூடவே போய்விடும்.

இதைவிட எனக்குப் பயம் சத்தமில்லாத பிழைகள்தான். [[ என்று தொடங்கும் நிபந்தனையை டாஷ் ஒரு கட்டளையாக நினைத்துத் தேடும், கிடைக்காது, நிபந்தனை பொய் என்று கொண்டு தாண்டிப் போகும். லாகின் நடக்கும், ஆனால் பாத் சேர்ந்திருக்காது. எழுத்துத் திரையில் கிடைக்கும் நிரல் மெனுவிலிருந்து திறந்தால் கிடைக்காது. இன்னொரு கோப்பை உள்ளே இழுக்க 'சோர்ஸ்' என்று எழுதினாலும் இதே கதை. அதற்குப் பதில் ஒரு புள்ளி போதும்.

அப்புறம், டாஷை ஹைபன் என் தெரிவோடு ஓட்டி இலக்கணத்தைச் சோதிக்கலாம், ஆனால் அது [[ பிழையைக் காட்டாது. ஷெல் ஸ்கிரிப்டுகளைச் சோதிக்கும் ஷெல்செக் என்ற கருவியில் மொழியை எஸ்எச் என்று கொடுத்துப் பாருங்கள், இரண்டையுமே பிடித்துவிடும். டாட் ப்ரொஃபைலில் மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்கும் எளிய 'எக்ஸ்போர்ட்' வரிகளை மட்டும் வையுங்கள். பேஷுக்கே உரியதெல்லாம் பேஷ் மட்டும் படிக்கும் டாட் பேஷ்ஆர்சி கோப்புக்குப் போகட்டும்.

ஒன்று கவனியுங்கள்: டாட் பேஷ்_ப்ரொஃபைல் என்றொரு கோப்பு இருந்தால், லாகின் பேஷ் அதை மட்டும் படித்துவிட்டு டாட் ப்ரொஃபைலைத் தொடவே தொடாது. எழுத்துத் திரையில் எந்தப் பிழையும் தெரியாமல் இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.