பஸ்ஸில் போனதாலா குழந்தை சீக்கிரம் பிறந்தது?

கேள்வி: எனக்கு வயது 27. முதல் குழந்தை 32-வது வாரத்தில் பிறந்தான், எடை 1.6 கிலோ. 19 நாள் இன்குபேட்டரில் இருந்தான். இப்போது இரண்டரை வயது, நன்றாக இருக்கிறான். அப்போது ஏழாம் மாதத்தில் நீர்க்கடுப்பு வந்தது, இளநீர் குடித்ததில் சரியாகிவிட்டது. அதன் பிறகு நாத்தனார் கல்யாணத்துக்குத் திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு பஸ்ஸில் போய் வந்தேன். இரண்டாம் நாள் ராத்திரி பனிக்குடம் உடைந்துவிட்டது. பஸ்ஸில் போனதுதான் காரணம் என்று இன்றும் வீட்டில் சொல்லிக் காட்டுகிறார்கள். இப்போது மறுபடியும் 11 வாரம். பிரசவம் வரை படுக்கையிலேயே இருந்துவிடட்டுமா?

பதில்:

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் அம்மா, நீங்கள் பஸ்ஸில் போனதால் பனிக்குடம் உடையவில்லை. திண்டுக்கல் - மதுரை ரோட்டில் ஒன்றரை மணி நேரம் குலுங்கியதால் குழந்தை வெளியே வந்துவிடும் என்றால், நம் ஊரில் ஒரு குழந்தையும் பத்து மாதம் தாண்டாது. மாடிப்படி, பழுத்த பப்பாளி, கையைத் தூக்கித் துணி காயப்போட்டது என்று பிரசவத்துக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு காரணம் கண்டுபிடித்துச் சொல்வார்கள், எல்லாமே கடைசியில் தாயின் தலையில்தான் வந்து விழும். இரண்டரை வருடமாக நீங்கள் இதைச் சுமந்துகொண்டிருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு ஒரு வரி. நீர்க்கடுப்பு வந்து, இளநீர் குடித்துச் சரியானது என்கிறீர்களே, அது. நம் பக்கம் சிறுநீர் எரிந்தால் 'உடம்புச் சூடு' என்று சொல்லி இளநீரோ பார்லித் தண்ணீரோ கொடுத்து முடித்துவிடுவோம். தண்ணீர் நிறையக் குடித்தால் எரிச்சல் குறையும், ஆனால் கிருமி முழுதாகப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் குழாய் தளர்ந்து, சிறுநீர் தேங்கி நிற்பதால் கிருமி மேலே சிறுநீரகம் வரை ஏறுவது சுலபம். சிறுநீரிலோ பிறப்புறுப்பிலோ கிருமி இருந்தால் உடம்பு அதை எதிர்த்துச் சில பொருள்களைச் சுரக்கும், அவை பனிக்குடச் சவ்வை மெலிய வைக்கும், கர்ப்பப்பையைச் சுருங்கத் தூண்டும். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பஸ்ஸைவிட இதைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

இதில் மோசமான விஷயம், சில பெண்களுக்கு எரிச்சலே இல்லாமல் சிறுநீரில் கிருமி இருக்கும். அதனால்தான் இப்போதே ஒரு யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எடுத்துப் பாருங்கள் என்கிறேன். முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேபில் கொடுக்கும் சுத்தமான டப்பாவில் பிடித்துத் தாமதமில்லாமல் கொடுத்துவிட வேண்டும். கிருமி இருந்தால் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் உண்டு, சொன்ன நாள் வரை முழுதாகச் சாப்பிட வேண்டும். வெள்ளைப்படுதல் நாற்றத்தோடு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதப் பிரசவம். உலகத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு குழந்தை இப்படித்தான் பிறக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் சுமார் 1.34 கோடிக் குழந்தைகள், அதில் எண்ணிக்கையில் இந்தியாதான் முதலிடம். இரட்டைக் குழந்தை, பனிக்குட நீர் அதிகமாவது, கர்ப்பப்பை அமைப்பில் மாற்றம், ரத்தசோகை, சர்க்கரை, ஒரு பிரசவம் முடிந்து ஆறு மாதத்துக்குள் அடுத்த கர்ப்பம், 18-க்குக் குறைந்த வயது, புகையிலை, பக்கத்தில் இருப்பவர் விடும் பீடி சிகரெட் புகை, நாள் முழுக்க நின்றபடி செய்யும் கடும் வேலை, வீட்டில் அடி உதை, இவை எல்லாமே ஆபத்தைக் கூட்டும். பிரஷர் ஏறியோ குழந்தையின் வளர்ச்சி நின்றோ டாக்டர்களே முன்கூட்டி எடுப்பதும் உண்டு, அது வேறு கணக்கு. இவ்வளவும் தேடிப் பார்த்த பிறகும் பலருக்குக் காரணம் இன்னதென்று தெரியாமலே போகிறது என்பதுதான் உண்மை.

ஏற்கெனவே ஒரு முறை தானாகவே சீக்கிரம் பிரசவமானவர்களுக்கு மறுபடி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் பெரும்பாலானவர்களுக்கு அடுத்தது முழு மாதத்தில்தான் பிறக்கிறது. பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், பீரோவில் பிறப்புச் சான்றிதழோடு கிடக்கும். முதலில் வலி வந்ததா, நீர் உடைந்ததா, காய்ச்சல் இருந்ததா, எத்தனையாவது வாரம் எத்தனையாவது நாள் என்று அதில் இருக்கும். அடுத்த செக்கப்பில் அதை டாக்டர் கையில் கொடுத்து, "கர்ப்பப்பை வாயின் நீளம் பார்க்க வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். 16 வாரத்திலிருந்து 24 வாரத்துக்குள் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் அளப்பார்கள், குழந்தைக்கு ஆபத்தில்லை. 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ராத்திரியில் பிறப்புறுப்புக்குள் வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரை, அல்லது கர்ப்பப்பை வாயில் தையல். அந்தத் தையலை 1955-ல் உலகுக்குச் சொன்னவர் பம்பாய் டாக்டர் ஷிரோத்கர், நம் நாட்டுக்காரர். எல்லோருக்கும் தையல் வேண்டியதில்லை, பக்கத்து வீட்டில் போட்டார்கள் என்று கேட்டு வாங்காதீர்கள்.

படுக்கையிலேயே இருக்கட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். முழு ஓய்வு குறைமாதப் பிரசவத்தைத் தடுப்பதாகச் சான்று இல்லை, மாறாகக் காலில் ரத்தம் உறையலாம், தசை தளரும், மனசும் சோர்ந்துபோகும். சமையல், நடை, பிள்ளையைக் கொஞ்சுவது எல்லாம் செய்யுங்கள். கனமான தண்ணீர்க் குடத்தை மட்டும் வேறு யாராவது தூக்கட்டும்.

வயிறு விட்டுவிட்டு இறுகுவது, இடுப்பில் மந்தமான வலி விடாமல் இருப்பது, நீர் கசிவது, ரத்தம் படுவது, குழந்தையின் அசைவு குறைவது, இதில் எது வந்தாலும் சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் போட்டுக் குடித்துக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகப்போகிறது என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள், குழந்தையின் நுரையீரல் முதிர்ச்சி அடைய அது உதவும். முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும், அதனால் நீங்கள் இரவு பத்து மணிக்குப் போவதற்கும் காலை ஆறு மணிக்குப் போவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அப்புறம், 'ஏழாம் மாசத்துப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை பிழைக்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வயிற்றுக்குள் ஒவ்வொரு வாரம் கூடுவதும் குழந்தைக்கு லாபம்தான். கல்ச்சர் ரிப்போர்ட்டும் ஸ்கேன் அளவும் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.