பணம்தான் மனிதரை உழைக்க வைக்கிறதா?

வேலைக்கு வர வைப்பதும் விலகாமல் நிறுத்துவதும் பெரும்பாலும் பணம்தான். எண்ணிப் பார்க்கக்கூடிய வேலை என்றால் அதன் அளவையும் பணம் கூட்டும். யாரும் பார்க்காதபோதும் ஒருவர் ஒழுங்காகச் செய்வாரா என்பதுதான் அதன் கைக்கு எட்டாத இடம். ('பணம் முக்கியமே இல்லை' என்று வகுப்பெடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் கொடுக்கும் தரப்பில் இருப்பதையும் கவனியுங்கள்.)

அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றித் தரும் சேஃப்லைட் நிறுவனம், 1990களின் நடுவில் மணிக்கணக்குச் சம்பளத்திலிருந்து பீஸ் ரேட்டுக்கு மாறியது. ஒரு கண்ணாடி மாட்டினால் இவ்வளவு என்று கூலி. பொருளியலாளர் எட்வர்ட் லசீர் கணக்கிட்டபோது, ஆளொன்றுக்கு வேலை 44 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் அதில் ஏறக்குறைய பாதிதான் இருந்த ஆட்களே வேகமெடுத்ததால் வந்தது. மீதி, கைவேகம் உள்ளவர்கள் தேடி வந்து சேர்ந்ததால்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று அங்கே இருந்தது. சரியாகப் பொருத்தாததால் கண்ணாடி உடைந்தால், மாட்டியவரே கூலியில்லாமல் மறுபடி மாட்டித் தர வேண்டும். அந்த விதி இல்லையென்றால் எண்ணிக்கை ஏறும், தரம் இறங்கும். வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது அதுதான். புதுக் கணக்குகளுக்குக் கடுமையான டார்கெட் வைத்தார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் ஊழியர்கள் கணக்குத் திறந்தார்கள். 2016இல் 18.5 கோடி டாலர் அபராதம். அதற்குள் சுமார் 5,300 பேருக்கு வேலை போயிருந்தது.

பணம் எட்டாத அந்த அக்கறைக்கு வருவோம். 2008இல் வெளியான ஓர் ஆய்வில் பிளாஸ்டிக் துண்டுகளைக் கோத்துச் செய்யும் லெகோ பொம்மைகளைக் கூலிக்குச் செய்யச் சொன்னார்கள். முதல் பொம்மைக்கு 2 டாலர், அடுத்தடுத்ததற்கு 11 சென்ட் குறையும். ஒரு குழு செய்து முடித்தவை மேசையிலேயே வரிசையாக நின்றன. இன்னொரு குழுவுக்கு, அடுத்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே முந்தையதைக் கண்ணெதிரே பிரித்துப் போட்டார்கள். கூலி ஒன்றுதான். முதல் குழு சராசரியாக 10.6 பொம்மை செய்தது, இரண்டாவது 7.2-இல் எழுந்துவிட்டது.

அலுவலகங்களில் இது அன்றாடம் நடக்கிறது: இரவெல்லாம் கண்விழித்துத் தயாரித்த அறிக்கையை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. அதற்கு போனஸ் மருந்தல்ல. அதை யார் பயன்படுத்தினார்கள், கைவிட்டிருந்தால் ஏன் என்று அந்த வாரமே சொல்லிவிடுங்கள். ஆனால் அதே வேலை செய்யும் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கூடுதல் சம்பளம் என்றால் இந்தப் பேச்செல்லாம் எடுபடாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.